எங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதியவர்

யாங்கோன் நகரத்தில் எங்கள் குடும்பப் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னதும், "அவன்னு எழுதுக்கா, மரியாதை என்ன வேண்டிக் கெடக்கு?" என்றான் தம்பி பிலிப். எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. எட்டு வருஷம் 'சயா' என்று கூப்பிட்ட வாய். இங்கே வாத்தியாரையும் படித்தவரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். 'அவர்' என்றே இருக்கட்டும். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை.

எங்கள் பெயர் ஒசொல்சொபியே. பர்மாக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே கிடையாது. இங்குள்ள தமிழர்களுக்கும் அப்பா பெயரோடு முடிந்துவிடும். சோறும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டு தின்கன்ஜூனில் மாடிவீட்டில் குடியிருக்கும் எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு வால். அம்மாவின் அப்பா மொராவியாக்காரர். செக் நாட்டில் ஒரு பகுதி அது. யாங்கோன் ரங்கூனாக இருந்த காலத்தில் ஒரு செருப்புக் கம்பெனியின் தையல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள இங்கே வந்தவர், துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஒரு தமிழரின் மகளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு மூன்று வயதாகும்போது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போனவை ஒரு பழைய பாஸ்போர்ட், மாதாகோயிலில் நடந்த கல்யாணத்தின் சான்றிதழ், இந்தப் பெயர், இவ்வளவுதான்.

அப்பாவுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் எனக்கும் பிலிப்புக்கும் அம்மாவின் பெயரே ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சோப்பு' என்பார்கள். ஆபீஸ்களில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அம்மாவின் அடையாள அட்டையில் ஒரு விதம், வீட்டுப் பட்டியலில் வேறு விதம். அப்பா இறந்தபோது அந்த இரண்டையும் ஒன்றாக்க வேண்டி வந்தது. ஊர் நடுவே பபேடானில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டைப் மெஷினும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்யும் தமிழர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போ என்று மருந்துக்கடையில் என்னோடு வேலை பார்த்தவள் சொன்னாள். அப்படித்தான் அவரிடம் போனேன்.

நாற்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட லுங்கி, முழுக்கை வெள்ளைச் சட்டை. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு தாத்தாவின் பாஸ்போர்ட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கடைசி எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எழுத்துக்குத் தலையில ஒரு கொக்கி இருக்கே, அத எங்க விட்டீங்க?"

"அது கறைன்னு நெனச்சோம் சயா."

"கறையா!" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உங்க தாத்தா எவ்வளவு தூரத்துல இருந்து தூக்கிட்டு வந்தது. பேருல ஒரு எழுத்து போனா ஆளுக்கு ஒரு விரல் போன மாதிரி நோ." பேச்சின் வாலில் பர்மியரைப் போல ஒரு 'நோ' சேர்ப்பது அவர் பழக்கம்.

கம்ப்யூட்டரில் அந்தக் கொக்கியைத் தேடி எடுக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் நான்கு பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. அச்சிட்ட தாளை என் கையில் கொடுத்தபோது, எங்கள் பெயரை நான் முதல்முதலாகப் பார்த்தது போலிருந்தது.

எல்லார் பெயரிலும் அவர் இப்படித்தான். வீராசாமி என்ற கிழவரை ஆபீசில் 'வீயாசாமி' ஆக்கி அனுப்பியிருந்தார்கள். பர்மியர் வாயில் ர வராது. கிழவர் போனால் போகட்டும் என்றார். இவர் விடவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கிழவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், அந்த ஆபீசில் அரை நாள் உட்கார்ந்து மாற்றி வாங்கி வந்தார்.

இன்னொரு நாள் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்தாள். மலேசியாவில் இருக்கும் புருஷனிடம் போகிறவள். கல்யாணச் சான்றில் புருஷன் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்தது. மொழிபெயர்ப்பில் ஒன்றாக்கிப் போட்டுக் கொடுங்கள் சயா, நாளைக்கு நேர்காணல் என்று அழுதாள். "தாள்ல இருக்கறத நான் மாத்த முடியாதும்மா. மொதல்ல போய்த் திருத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் காகிதத்தை எடுத்தார். அவள் அழுதுகொண்டே போனாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும், எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். 'அவரை ஒரு ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்பிடேன்' என்றாள் அம்மா. அவர் தனிக்கட்டை. ஊருக்கு வெளியே மாவ்பியில் ஒரு தங்கை, வேறு யாரும் இல்லை.

ஒரு ஞாயிறு, எல்லா ஞாயிறுமாக ஆயிற்று. பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் படியேறி வருவார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ பொட்டலமோ இருக்கும். எங்கள் பெயர் அவருக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டிருந்தது. மொராவியாவில் குடும்பப் பெயர்களைச் சேகரிக்கிற, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரை எப்படியோ கண்டுபிடித்து மெயில் எழுதிக்கொண்டிருந்தார். பதில் வந்த ஞாயிற்றுக்கிழமை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, உங்க பேருக்கு அர்த்தம் வந்தாச்சு. 'நீயே உப்புப் போட்டுக்கோ!' அதான் அர்த்தம்."

அம்மா அகப்பையோடு திரும்பினாள். "என்ன தம்பி கிண்டலா?"

"சத்தியமா. ஒசொல்னா உப்புப் போடு. சொபியேன்னா உனக்கு. ரெண்டும் சேந்து ஒரு முழு வாக்கியம். அந்தப் பக்கத்துல இப்படிப் பேருங்க இருக்காம். 'வயலுக்குள்ள குதி'ன்னு ஒரு குடும்பம். 'ரொட்டி திங்காத'ன்னு ஒரு குடும்பம்."

பிலிப் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்காமல், மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னார். உப்பில்லாத கஞ்சி ஊற்றிவிட்டு, கேட்டவர்களிடம் நீயே போட்டுக்கொள் என்று சொன்ன யாரோ ஒரு கருமிக்கு ஊர் வைத்த பட்டப்பெயராக இருக்கலாம். சும்மா அப்படிச் சொல்வதையே வாடிக்கையாக வைத்திருந்த ஒருவனுடைய பெயராகவும் இருக்கலாம். எது நிஜமென்று அந்த வாத்தியாருக்கே தெரியாதாம். அந்த நாட்டிலேயே ஒரு பட்டணத்தைச் சுற்றியுள்ள சில கிராமங்களில்தான் இந்தப் பெயர் இருக்கிறதாம். அங்கேயும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். அங்கே பெண்களுக்குக் குடும்பப் பெயரின் முடிவு மாறும். இந்தப் பெயர் வாக்கியமாக இருப்பதால் பெண்ணுக்கும் மாறாது. ஆகவே அம்மாவின் பெயர் அம்மாவுக்குச் சரியாகவே இருக்கிறது.

"ஆசியாவுல இந்தப் பேரு உங்க மூணு பேருக்குத்தான் இருக்கும்னு அவர் நெனக்கிறார்" என்று முடித்தார். எங்களுக்கு இல்லாத பெருமை அவருக்கு இருந்தது.

"மூணு இல்ல தம்பி, நாலு" என்றாள் அம்மா.

எனக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் பிறந்து, சில நாளிலேயே இறந்துபோன அண்ணனைப் பற்றி அம்மா வெளியாளிடம் பேசி நான் கேட்டதில்லை. எங்களிடமே அதிகம் சொன்னதில்லை. பிறந்த மறுநாளே ஞானஸ்நானம் கொடுத்தது, பெரியவன் என்று வீட்டில் எல்லாரும் கூப்பிட்டது, வருஷாவருஷம் நவம்பரில் இறந்தவர்கள் பூசைக்கு அவன் பெயரைக் கொடுப்பது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அன்று அவரிடம் மனம்விட்டுச் சொன்னாள். அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார். என்ன தேதி, எந்தக் கோயில், பெயரை எப்படி எழுதினார்கள் என்று விசாரித்தார். பெயர்ப் பித்து என்று நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அவரும் அதே வருஷம் பிறந்தவர். அதை அவர் சொன்னதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் அம்மாவுக்குத் 'தம்பி' இல்லை. "பெரியவனே, இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கப்பா" என்பாள். நான் அவருக்குத் தங்கச்சி ஆனேன். முதல் தடவை அம்மா அப்படிக் கூப்பிட்டபோது அவர் கண்ணீர் தட்டில் விழுந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு காலம் கெட்டது. பிலிப்புக்கு முப்பது. படைக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியல் வார்டு வார்டாகத் தயாராகிறது என்ற பேச்சு வந்ததும், அம்மா வாசல் கதவைப் பகலிலும் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். அப்போது அவர்தான் வழி சொன்னார்.

"அந்த நாட்டுல பேரப்பிள்ளைங்க வரைக்கும் குடியுரிமை கேக்கலாம்மா. தாத்தா அந்த நாட்டு ஆள்னு காட்டணும். உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கு, கல்யாணச் சான்று இருக்கு. பிலிப் போயிடலாம். பின்னால தங்கச்சியும் போகலாம்."

அசல் காகிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தோம். ஞானஸ்நானச் சான்றுகள் வாங்கக் கோயிலுக்கு அம்மாவின் கடிதம் வேண்டும் என்றார். கொடுத்தோம். ஒரு சனிக்கிழமை ஆறேழு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எல்லாம் செக் மொழியில் இருந்தன. ஆங்கிலத்தில் இருந்தால் ஏற்க மாட்டார்களாம்.

"தங்கச்சி, வாக்கியத்தப் பத்திக் கவலப்படாத. அது என் பாடு. பேரு மட்டும் எல்லா எடத்துலயும் சரியா இருக்கான்னு நீ பாத்துடு நோ."

பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் கொக்கி இருந்தது. ஓரிடத்தில் அண்ணனின் பெயர் வந்திருந்தது. "குடும்ப வெவரத்துல செத்துப்போன புள்ளையையும் காட்டணும்" என்றார். நியாயமாகப் பட்டது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை எங்களிடமே கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டுதான் இருந்தார். பதில் வரும், இப்படிப்பட்டதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்பார். மழைக்காலம் தொடங்கியதும் ஒரு வாரம் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். அடுத்த வாரமும் வரவில்லை. அம்மா கஞ்சி வைத்துத் தூக்குப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பினாள். அதைத் தூக்கிக்கொண்டு பபேடானுக்குப் போனால், மாடிப்படிக்குக் கீழே ஒருத்தி போன் கவர் விற்றுக்கொண்டிருந்தாள். மேசையும் இல்லை, மெஷினும் இல்லை. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர், "சயா கடையக் காலி பண்ணி மூணு வாரம் ஆச்சே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

மாவ்பிக்கு நான் மட்டும் போனேன். தங்கை சந்தையில் காய்கறி விற்பவள். என் பெயரைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"அண்ணன் உங்க வீட்டப் பத்திப் பேசாத நாளே இல்லக்கா. அம்மா மாதிரி சோறு போடறாங்கன்னு சொல்லும்."

"அவர் எங்க இருக்கார்?"

அவளுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா? வெளிநாடு போயிடுச்சே. உங்க அம்மாதான எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க? தத்து எடுத்த மாதிரின்னு அண்ணன் சொல்லுச்சு."

பெருமையோடு போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். அடையாள அட்டை. இஸ்திரி போட்ட அதே வெள்ளைச் சட்டை. அதற்குப் பக்கத்தில் எங்கள் அண்ணனின் பெயர், எங்கள் அண்ணன் பிறந்த தேதி. குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் பெயர். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

கூப்பிடச் சொன்னேன். அவள் ஒன்றும் தெரியாமல் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். அங்கே போனை எடுத்தவுடன் குடும்பப் பெயரைச் சொல்வதுதான் வழக்கமாம். எனக்கு அப்போது தெரியாது.

"ஒசொல்சொபியே" என்றது அவர் குரல்.

இரண்டாம் முறையும் சொன்னார். பிறகுதான், "சயா, நான்தான்" என்றேன்.

"தங்கச்சி... அம்மா எப்படி இருக்காங்க?"

"பிலிப் காகிதம் என்ன ஆச்சு?"

"ஒரு கொழந்தைக்குத்தான் அந்தக் காகிதம் போதும்னு சொன்னாங்க. நான் மொதல்ல வந்துட்டா அப்புறம் பிலிப்ப எடுக்கறது சுலபம்னு..."

"பொய் சொல்லாதீங்க சயா."

"எனக்கு யாரு இருக்கா சொல்லு? அம்மாவே என்னைப் பெரியவனேன்னுதான கூப்பிட்டாங்க? அந்தப் பேரு எங்கயோ புஸ்தகத்துல சும்மா கெடந்துச்சு. நான் அத ஒரு எழுத்துகூடக் கெடுக்கல நோ."

நான் எதையோ கத்தினேன். சந்தையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வைத்துவிட்டார். தங்கை என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். ஒரு பை நிறையக் கத்தரிக்காயைக் கட்டி என் கையில் திணித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை போலும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தின்கன்ஜூன் வரை வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நகலை எடுத்தேன். போனில் மொழிபெயர்க்கும் வசதி எத்தனையோ நாளாக இருக்கிறது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை, அவர் இருக்கும்போது அது எதற்கு என்று. ஒவ்வொரு வரியாகப் பிலிப்பும் நானும் படித்தோம். 'இவர் என் மூத்த மகன். எனக்கு உயிரோடு இருக்கும் பிள்ளை இவர் ஒருவரே.' கீழே அம்மாவின் கையெழுத்து. நான் சரிபார்த்த தாள்தான் அது. பெயரில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்த தாள்.

அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தோம். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டுவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பிலிப் காத்திருக்க முடியாத நிலை. வார்டுக்காரர்கள் இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரு விடியற்காலை எல்லைப் பக்கம் போகும் வண்டியில் ஏறிவிட்டான். இப்போது தாய்லாந்தில் மீன் பதப்படுத்தும் ஆலையில் இறால் உரிக்கிறான். காகிதம் இல்லாத ஆள் என்பதால் தங்குமிடத்தை விட்டு வெளியே வருவதில்லை.

அவன் போன பிறகு ஒரு நாள் அம்மா, "குடியுரிமை கொடுத்த அந்த நாட்டு ஆபீசுக்கு நீ எழுது" என்றாள்.

"எழுதினா உன்மேலயும் கேஸ் வரும்மா. பொய்ச் சாட்சி சொன்னதா ஆயிடும். நம்ம யாருக்குமே அப்புறம் வழி இருக்காது."

"வரட்டும். எனக்கு ரெண்டு புள்ள உயிரோட இருக்கு, ஒரு புள்ள செத்துப்போச்சு. அத நான் சொல்லணும்."

செத்ததற்குச் சான்று வேண்டுமே. அந்தக் காலத்தில் யார் வாங்கி வைத்தார்கள்? கோயிலுக்குப் போனோம். ஞானஸ்நானப் புத்தகத்தில் இறந்த குறிப்பு இல்லை. அந்த ஓட்டையில்தான் அவர் நுழைந்திருக்கிறார். அடக்கப் புத்தகம் தனியாக இருந்தது. கரையான் அரித்த அதைப் பங்குச் சாமியார் இரண்டு நாள் தேடினார். கிடைத்தது. பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். ஆனால் அம்மா பெயர், அப்பா பெயர், வயது எல்லாம் இருந்தன. சாமியார் சான்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் வரிக்கு வரி சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அம்மா கையெழுத்துப் போட்டாள்.

மாவ்பித் தங்கைக்கு நானேதான் ஒரு கோபத்தில் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பிற்பகல் தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, அனுப்பாத. என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க வந்தா ஜெயில்தான். உனக்குத் தெரியாததா? ஒரு வருஷம் பொறு, பிலிப்புக்கு நான் ஏற்பாடு பண்றேன். அம்மாகிட்ட கொடு. ஒரே ஒரு வார்த்தை பேசிடறேன்."

கொடுக்கக் கூடாதென்றுதான் நினைத்தேன். அம்மா கையை நீட்டிவிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் அழுவது எனக்கு வெளியே கேட்டது. "அம்மா" என்பதும், "பெரியவன் பேசறேம்மா" என்பதும் கேட்டது. அம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் ஓய்ந்த பிறகு, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"நீ என்கிட்ட எத்தன நாள் பால் குடிச்ச, சொல்லு?"

"அம்மா" என்று மட்டும் அவர் சொன்னது கேட்டது.

"பதினோரு நாள்" என்றாள் அம்மா. "கடைசி ரெண்டு நாள் நீ வாயே வைக்கல. மாரு கட்டிப்போயி நான் செவுத்துல முட்டிக்கிட்டு அழுதேன். அதெல்லாம் அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்காதுப்பா."

போனை என்னிடம் நீட்டினாள். அவர் இன்னும் வைக்கவில்லை. மூச்சு கேட்டது. நான்தான் அணைத்தேன்.

மறுநாள் காலை, மருந்துக்கடை திறக்கப் போகிற வழியில், அந்த உறையை அனுப்பிவிட்டேன்.